சதுப்பில் கிடக்கும் டாங்கிகளும் அவற்றுக்குள் இருந்தவர்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆவடியில் டாங்கியும் என்ஜினும் செய்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே நேராக இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஐரோப்பாவின் சதுப்புகளிலும் ஏரிகளிலும் புதைந்துபோன டாங்கிகளை இன்று எப்படி மீட்கிறார்கள் என்பதுதான் அந்தப் பொருள். ஒரு கூட்டத்தோடு முடியும் என்று நினைத்துத்தான் தொடங்கினோம். ஆண்டு முழுக்க அதையே பேசினோம்.

தொடங்கி வைத்தது எஸ்தோனியாவின் குர்ட்னா டாங்கி. 1944 செப்டம்பரில் நார்வா போர்முனையிலிருந்து ஜெர்மானியர் பின்வாங்கிய சமயத்தில் அது மட்டாஸ்யார்வ் என்ற சிறிய ஏரிக்குள் போனது. சோவியத் டி-34தான், ஆனால் ஜெர்மானியர் கைப்பற்றித் தங்கள் சிலுவைக் குறியைப் பூசி ஓட்டியது. கரையில் ஏரியை நோக்கிப் போன தடம் இருந்தது, வெளியே வந்த தடம் இல்லை, தண்ணீரிலிருந்து பல நாள் குமிழி வந்துகொண்டிருந்தது என்று அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் பார்த்ததாகச் சொல்கிறார்கள். 2000 செப்டம்பர் 14 அன்று கோமாட்சு டி375ஏ புல்டோசரை வைத்து அதைக் கரைக்கு இழுத்தார்கள். காலையில் ஆரம்பித்த வேலை பிற்பகலில்தான் முடிந்தது. 56 ஆண்டுக்குப் பிறகும் துரு பெரிதாக இல்லை, பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே 116 குண்டுகள் இருந்தன.

படத்தைத் திரையில் போட்டதும் என்ஜின் ஃபாக்டரிக்காரர்கள் எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. டி-34-இல் இருப்பது வி-2 டீசல் என்ஜின்: 12 சிலிண்டர், 38.8 லிட்டர், 500 குதிரைத் திறன். டி-72-க்காக நாம் ஆவடியில் செய்த 780 குதிரைத் திறன் வி-46 அதே குடும்பத்தில் வந்தது.

மீட்கும் முறையைப் பற்றி, ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படையின் மீட்புப் பிரிவில் இருந்த நம் உறுப்பினர் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். சக்கரம் மட்டும் புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை போயிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. மேலே பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டான டரெட் வரை என்றால் மூன்று மடங்கு. ஆக, 28 டன் டி-34 டரெட் வரை மூழ்கியிருந்தால் 80 டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். உள்ளே போன திசைக்கு எதிர்த் திசையில், அது வந்த தடத்திலேயே இழுத்தால் கொஞ்சம் குறையும். சேறு அடித்தட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். அடியில் தண்ணீரோ காற்றோ போக வழி செய்தால்தான் அந்தப் பிடி விடும். வண்டி ஒருமுறை அசைந்துவிட்டால் நிறுத்தக் கூடாது, நின்றால் மறுபடி கவ்விக்கொள்ளும். கம்பி வடம் அறுந்து சுழன்றால் ஆளையே வெட்டிவிடும் என்பதால் வடத்தின் நீளத்துக்கும் அப்பால்தான் ஆட்கள் நிற்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் ஊறிய குண்டு செத்த குண்டு என்று யாரும் நம்பக் கூடாது.

இதெல்லாம் நமக்குப் பிடித்த பேச்சு. கைதட்டலுக்கும் குறைவில்லை. அப்புறம் ஒருவர் கேட்டார்: "அந்த டாங்கிக்குள் ஆள் இருந்தால்?" ஆண்டின் மீதிப் பகுதி அந்தக் கேள்விக்குத்தான் போனது.

அதற்கு முதலில் சதுப்பைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நாடுகளின் சதுப்பில் பாசி மட்கி மட்கிப் பல அடி ஆழத்துக்குப் பீட் மண் சேர்ந்திருக்கிறது. அதில் காற்று இல்லை, அமிலம் உண்டு. காற்று இல்லாததால் தோல் பூட்ஸ், கம்பளிச் சட்டை, சில சமயம் சட்டைப் பையிலிருந்த காகிதம்கூட நிற்கும். அமிலமோ எலும்பிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கும். மனிதன் போய் அவன் உடைமை மட்டும் மிஞ்சுகிற நிலம் அது.

ஆளை அடையாளம் காண்பது அதைவிடக் கடினம். ஜெர்மன் வீரரின் அடையாள வில்லை நடுவில் துளை வரிசை போட்ட முட்டை வடிவத் தகடு. இறந்தால் பாதியை ஒடித்து எடுத்துப்போவார்கள், மறுபாதி உடலோடு இருக்கும். அதில் பெயர் இருக்காது, படைப்பிரிவும் எண்ணும்தான் இருக்கும். பெயருக்கு ஜெர்மனியில் காப்பகத்தைத் தேட வேண்டும். சோவியத் வீரரிடம் திருகு மூடி போட்ட சிறு கருப்புக் குப்பி. உள்ளே ஊரும் பெயரும் எழுத ஒரு காகிதச் சுருள். எழுதி வைத்தால் சாவு வரும் என்று பலர் அதை வெறுமையாகவே வைத்திருந்தார்கள். 1942 நவம்பரில் அந்தக் குப்பியையே நிறுத்திவிட்டார்கள். எழுதிய காகிதங்களிலும் பலவற்றில் தண்ணீர் புகுந்துவிட்டது.

வில்லையும் குப்பியும் இல்லாத இடத்தில் தேடுவோர் நம்பியிருப்பது இயந்திரத்தின் எண்ணை. டாங்கியின் உடற்கூடான ஹல்லில், என்ஜினில், பீரங்கியில் குத்திய எண்ணைப் படித்து, அந்த எண்ணுள்ள டாங்கி எந்தப் பிரிவிடம் இருந்தது, எந்த நாளில் இழந்ததாகக் கணக்கு எழுதினார்கள், அன்று அதில் போனவர்கள் யார் என்று ஆவணங்களில் தேடுகிறார்கள். இதைக் கேட்டபோது அரங்கம் அமைதியாகிவிட்டது. நம்மில் எத்தனை பேர் ஆயிரக்கணக்கான எண்களைக் குத்தியிருக்கிறோம்! அது ஒரு வீட்டுக்குச் சேதி சொல்லப் போகும் எண்ணாகலாம் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

இதையொட்டி உக்ரைனில் தெலெபினோ அருகே கிடைத்த வேலண்டைன் டாங்கியைப் பற்றியும் பேசினோம். 1943-இல் மாண்ட்ரியலில் கனடியன் பசிபிக் ரயில்வேயின் ஆங்கஸ் பட்டறையில் செய்தது. பெரம்பூர் ரயில் பட்டறையில் டாங்கி செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சோவியத்துக்கு உதவியாகப் போன அது 1944 ஜனவரி 25 அன்று பனி உடைந்து சேற்று ஆற்றில் மூழ்கியது. 1990-இல் மீட்டார்கள். செய்த நாட்டுக்கே பரிசாகத் திரும்பி, இன்று ஒட்டாவா போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, தோண்டத்தான் வேண்டுமா? புரட்டாசிக் கூட்டத்தில் இதற்காக நடந்த விவாதம் நம் சங்கம் கண்டவற்றில் ஆழமானது. "படுத்திருப்பவர்களை எழுப்பாதீர்கள், அந்தத் தண்ணீரே அவர்களுக்குச் சமாதி" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் உறுதியாகப் பேசினார். பலர் தலையாட்டினார்கள். அப்போது ஓர் அம்மா எழுந்தார். அவருடைய தாத்தா ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டத்திலிருந்து, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே இறந்த ஆங்கிலேய, டச்சுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. செத்த தமிழ்க் கூலிகளுக்குப் பெயர்ப் பட்டியல்கூடச் சரியாகக் கிடையாது. "இறந்த நாள் தெரியாமல் என் பாட்டி சாகும்வரை திதி கொடுக்கவும் முடியாமல், பூவையும் பொட்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார். எங்கேயாவது ஒரு எலும்பு, ஒரு பெயர் கிடைத்திருந்தால் போதும்" என்றார்.

செயலாளர் என்ற முறையில் இரு பக்கத்தையும் பதிவு செய்தேன். என் கருத்தையும் பதிவு செய்ய அனுமதியுங்கள். அமிலச் சதுப்பில் விட்டுவைப்பது அமைதியில் விட்டுவைப்பது ஆகாது. எலும்பு கரைந்துகொண்டே போகிறது. அதற்கு முன் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் வந்து வில்லையையும் பதக்கத்தையும் எடுத்து விற்றுவிடுகிறார்கள். வில்லை போனால் பெயரும் போயிற்று. ஆகவே எடுக்க வேண்டும், ஆனால் ஆளுக்காக எடுக்க வேண்டும். டாங்கியின் மூடியான ஹேட்சைத் திறக்கும்போது உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். சேற்றை வாளி வாளியாகச் சலிக்க வேண்டும். எலும்பு தென்பட்டால் மீட்பு வேலை அங்கேயே நின்று, உரிய அதிகாரிகளும் தடய நிபுணர்களும் வர வேண்டும். மண்டையோட்டோடு படம் எடுத்துப் பரப்புவது எந்தப் படைவீரனுக்கும் செய்யக் கூடாத அவமதிப்பு.

இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரஷ்யாவில் ‘மியாஸ்னோய் போர்’ என்ற ஊரின் பகுதியில், 1942-இல் சோவியத்தின் இரண்டாம் அதிர்ச்சிப் படை முற்றுகையில் சிக்கி அழிந்த சதுப்பில், நிக்கோலாய் ஓர்லோவ் என்ற ரயில்வே தொழிலாளி போர் முடிந்த கையோடு தனி ஆளாகத் தேடத் தொடங்கினார். இன்று அங்கே தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் தேடுகிறார்கள். 1919-இல் தொடங்கிய ஜெர்மன் போர்க்கல்லறை அமைப்பான ஃபோல்க்ஸ்பண்ட், 1992-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை எடுத்து அடக்கம் செய்திருக்கிறது. படையெடுத்து வந்தவர்களுக்கு அந்த மண்ணிலேயே கல்லறையா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் செய்த போரை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வில்லைக்காக ஒரு தாய் காத்திருந்தாள்.

நவம்பரில் வழக்கம்போல் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய் மலர் வைத்தோம். அங்கே அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். இந்த முறை பிள்ளைகளையும் அழைத்துப்போனது நல்ல வேலை. கல்லில் இருந்த வயதுகளைப் படித்துவிட்டு என் பேத்தி, "இவ்வளவு சின்ன அண்ணன்களா?" என்று கேட்டாள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. டாங்கியின் எண்ணிலிருந்து வீரரின் பெயரைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு அச்சிடுவது. அப்புறம், சயாம் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் குறித்து நம் உறுப்பினர் குடும்பங்களில் தெரிந்த பெயர், ஊர், தோட்டம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பது. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது, இன்றே எழுதலாம். பெயர் மட்டும் தெரிந்தாலும் எழுதுங்கள்.

அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்