ஷில்லாங்கில் எதற்கு ஃபேன்?

அன்புள்ள அம்முணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பருப்புப் பொடி, கடலை உருண்டை, கம்பளிக் குல்லா எல்லாம் அம்மா பார்சல் கட்டிவிட்டாள். இந்தக் கடிதம் அதில் வராது. நானே தனியாகச் சோமனூர் போஸ்ட் ஆபீஸில் போடுகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது, ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன் ஓடினால்தான் தூக்கம் வருகிறது என்று சொன்னாயாம். உனக்குச் சளி பிடித்துவிடும் என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. அந்த ஊரில் நிறைய வீடுகளில் ஃபேனே கிடையாது, விட்டத்தில் கொக்கிகூட இல்லை என்று போன வருஷம் ஆச்சரியப்பட்டுச் சொன்னவள் நீ. தை மாதக் குளிரில் போலீஸ் பஜாருக்குப் போய்த் தேடி ஒரு ஃபேன் வாங்கியிருக்கிறாய் என்றால் அது காற்றுக்காக இருக்காது. சரி, அதை அப்புறம் பேசுவோம்.

பழைய ராக் பாட்டுக்காரர்களைப் பேட்டி எடுத்து நீ போடும் வீடியோ எல்லாவற்றையும் பார்க்கிறேன். நான் பார்ப்பதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்து வீட்டுத் தம்பி டிவியில் போட்டுக் கொடுக்கிறான். இங்கிலீஷ் பேச்சு எனக்குப் புரியாது. அடியில் தமிழில் நீ போடும் எழுத்தை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். கொச்சியில் பேஸ் கிடார் வாசித்த பெரியவரோடு பேசினாயே, சீலார்ட் ஹோட்டலில் தர்ட்டீன் ஏடி குழு வாசித்த ராத்திரிகளைப் பற்றி, அதை மூன்று தடவை பார்த்தேன். இப்போது எதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நீ ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தாய். அந்த இடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நம் சனத்தில் பெரியவர்களை யார் இப்படிப் பேச விடுகிறார்கள்? போன மே 24ஆம் தேதி, 1972இலிருந்து உங்கள் ஷில்லாங் பாடகர் லூ மஜாவ் நடத்திவருகிற பாப் டிலன் பிறந்தநாள் கச்சேரியைப் படம் பிடித்துப் போட்டாயே, அதைக் கருமத்தம்பட்டி மாமாவுக்கும் காட்டினேன். இதில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உனக்குத்தான் அவரைத் தெரியுமே.

ஆனால் ஒன்று கவனித்தேன். நீ கேட்கும் கேள்வியையும் எழுத்தில் போடுகிறாய். ஐப்பசியில் வந்த வீடியோவில் “மறுபடி சொல்லுங்க” என்று ஒரே ஒரு இடத்தில் வந்தது. தையில் வந்ததில் நான்கு இடத்தில் வருகிறது. அதில் வரும் பெரியவர் தெளிவாகப் பேசுகிறவர். எதிரே இரண்டு அடி தூரத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஏன் மறுபடி சொல்லச் சொல்கிறாய்?

நீ பேட்டி எடுத்த அந்தக் கல்கத்தா டிரம்மர் விஷயத்திலும் எனக்கு உன்மேல் வருத்தம் உண்டு. பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸ் ஹோட்டலில் வாசித்தது, சிம்லா பீட் பாட்டுக்குழுப் போட்டிக்குப் போனது எல்லாம் நன்றாகக் கேட்டாய். நடுவில் அவர் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, இங்கே இன்னும் கச்சேரி முடியவில்லை என்று சிரித்தார். நீயும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். அங்கே நின்றிருக்க வேண்டும் அம்முணி. பம்பாயில் ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கைப் பற்றி நீயே சொன்னாய். 1986இல் ஆரம்பித்த இன்டிபெண்டன்ஸ் ராக் விழா வருஷக்கணக்கில் அங்கே நடந்தது, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் இருப்பதால் அமைதிப் பகுதி என்று சொல்லிக் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள் என்று. மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் காதுக்காகச் சட்டம் பேசினார்கள், நியாயம்தான். மேடையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர்களின் காதைப் பற்றி யாராவது கேட்டார்களா? நீயாவது கேள். அவர்கள் சொல்லக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய பெரிய ஆட்களுக்கே இந்தக் காதுக் கோளாறு வந்திருக்கிறது. ஏசி டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், 2016இல் கச்சேரிச் சுற்றுப்பயணத்தின் நடுவே, இதற்குமேல் பாடினால் காது அடியோடு போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லி நிறுத்தினார். மீதிக் கச்சேரிகளை வேறொருவர் வந்து பாடினார். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் காது கேட்காமல் போனதை எத்தனையோ வருஷமாக வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். உலகத்திலேயே அதிகச் சத்தம் போட்ட குழு என்று ஒரு காலத்தில் கின்னஸில் பெயர் வந்தது அந்தக் குழுவுக்குத்தான். காது கெடுகிறது என்பதால் பிறகு அந்தப் பட்டியலையே கின்னஸ் நிறுத்திவிட்டது. நாம் பார்த்த மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிக்குக்கும் காதில் இரைச்சல் இருக்கிறதாம். இதெல்லாம் தம்பி போனில் தேடி வாசித்துக் காட்டியது. உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று எழுதுகிறேனே, அதுவும் பொய். நன்றாகப் புரிகிறது.

2011 தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய மெட்டாலிகா கச்சேரி வெள்ளிக்கிழமை நின்றுபோய், பையன்கள் மேடையை அடித்து நொறுக்கியதை டிவியில் பார்த்தேன். அவர்களுடைய பெங்களூர் கச்சேரிக்கு உன்னைத் தனியாக அனுப்ப முடியாது என்றேன். தீபாவளி லீவில் தறி குடோன் பூட்டியிருந்ததால் நானும் கிளம்பினேன். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் நீ என்னோடு பேசவே இல்லை. அக்டோபர் 30, பேலஸ் கிரவுண்ட்ஸ். அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் பழனியில் தைப்பூசத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன். சேற்று வாசம். எல்லோரும் கறுப்புச் சட்டை, நான் ஒருத்தன் வெள்ளை வேட்டி. ஒரு பையன் வந்து “அங்கிள், சூப்பர்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். நீ அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாய்.

டிரம் விழ ஆரம்பித்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எனக்கு அது புதிதே இல்லை. இரண்டு காலாலும் அந்த ஆள் மிதித்தபோது ஆறு தறி ஒரே மூச்சில் ஓடுவது போலத்தான் இருந்தது. தாளம் தப்பாமல் ஓடும் தறியைக் கேட்டால் மனசு ஒரு மாதிரி நிம்மதியாகும். அது அங்கே எனக்குக் கிடைத்தது. மெதுவான பாட்டு ஒன்று வந்தபோது கூட்டம் மொத்தமும் பாடியது, நீயும் கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். உன் அம்மா கோயிலில் நிற்பது போல இருந்தது. இந்தப் பெண்ணை இதிலிருந்து பிரிக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அதே ராத்திரி நடந்த இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். முதல் பாட்டுக்கு முன்னால் நீ பையிலிருந்து காதை அடைக்கிற மஞ்சள் நுரைப்பஞ்சுக் குச்சி இரண்டை எடுத்தாய். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வைத்திருந்தாய். உருட்டிக் காதில் வைக்கப் போனபோது நான் என்ன சொன்னேன்? காசு கொடுத்துக் கேட்க வந்துவிட்டுக் காதை அடைத்துக்கொள்வார்களா, இருபத்தெட்டு வருஷம் தறி குடோனில் நின்றவன் நான், எனக்கு என்ன ஆகிவிட்டது என்றேன். நீ அதைத் திரும்பப் பையில் போட்டுவிட்டாய். திரும்பி வரும்போது ரயிலில், காதில் ங்ங் என்று கேட்கிறது அப்பா என்றாய். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றேன். உனக்குச் சரியாகத்தான் போனது. எனக்கு அதே சத்தம் அதற்கு ஆறேழு வருஷம் முன்னாலிருந்தே ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன ஆகிவிட்டது என்று உன்னிடம் கேட்டவனுக்கு என்ன ஆகியிருந்தது என்று தெரியும் அம்முணி. தெரிந்துதான் சொன்னேன்.

எனக்குக் காது கேட்கவில்லை. அதனால்தான் போனில் உன்னோடு பேசுவதில்லை. “சாப்பிட்டாயா, சரி, அம்மாகிட்ட பேசு” என்று மூன்று வார்த்தையில் கொடுத்துவிடுவது கோபம் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். கோபமே இல்லை. நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரிவதில்லை. உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. சாந்தி கல்யாணத்தில் பெரியப்பா பேசப் பேச நான் பதில் சொல்லாமல் போனதும் இதனால்தான். அதற்காக இரண்டு வருஷம் அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று பேர் வந்தால் பரவாயில்லை, செவிடன் என்று வரக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

ஆவணியில் பேங்குக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். கண்டுபிடித்துவிட்டு என்னைச் சுவரைப் பார்த்துத் திருப்பி உட்காரவைத்தாள். அப்புறம் பட்டனை அமுக்க வேண்டிய வேலையே அதிகம் இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு காதுக்குள்ளும் சுமார் 16,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் மூன்று மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். நான் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு சத்தத்தில் தினம் பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். நீ ஒரு கச்சேரிக்கு மூன்று மணி நேரம் மேடைக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்கிறாய். முதலில் போவது மேல்சுரமாம். அதனால்தான் ச, த, ஃப எல்லாம் வார்த்தையிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. போனில் அந்த மேல்சுரம் இன்னும் வெட்டுப்பட்டு வருமாம். கச்சேரி முடிந்து மறுநாள் காது சரியாகிவிட்டது என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அந்த ரயில் ஞாபகம்தான் வந்தது.

நான் ராத்திரி ஃபேன் இல்லாமல் படுத்துப் பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது. மார்கழியிலும் போடுவேன். அம்மா திட்டுவாள். அந்தச் சத்தம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் சத்தம் கொஞ்சம் அடங்கும். இதற்குமேல் நான் எப்படிக் கேட்பது?

காதைப் பரிசோதித்துக்கொள். ஷில்லாங்கில் முடியாவிட்டால் கௌஹாத்தி போ. வெறும் பஞ்சு வைத்துக்கொண்டு போகாதே, நாங்கள் குடோனில் நூல் கழிவை வைத்துப் பார்த்தோம், அது ஒன்றுக்கும் ஆகாது. உன் மஞ்சள் குச்சி இருக்கிறதே, அதை நன்றாக மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காதை மேல்பக்கம் இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து விரியும்வரை அழுத்திக்கொள்ள வேண்டும். பாட்டுக்காரர்களுக்கென்றே காதின் அளவெடுத்துச் செய்வது உண்டாம், பாட்டின் தெளிவு கெடாமல் சத்தத்தை மட்டும் குறைக்குமாம். செலவு ஆகட்டும். ஓடு மாற்ற நீ அனுப்பிய பணம் அப்படியே இருக்கிறது, அனுப்புகிறேன். கச்சேரிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில், நடுநடுவே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடு. முதலில் பரிசோதித்துக்கொள்.

எனக்கு இரண்டு காதுக்கும் மிஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணியிலிருந்து தள்ளிப்போட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை போகிறேன். இதைப் போஸ்ட்டில் போட்டுவிட்டு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவள் அழுவாள், அப்புறம் திட்டுவாள். பெரியப்பா வீட்டுக்கும் போக வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே. வீடியோவில் வா. குடோனில் முப்பது அடி தள்ளி நிற்பவன் தறி நாடாவை மாற்று என்று வாயசைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும், உன் வாய் தெரியாதா? உன் வீடியோவில் எல்லோருடைய முகமும் வருகிறது, உன் முகம் மட்டும் வருவதில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். மெதுவாகப் பேசு. எது கேட்கவில்லையோ அதை நான் மறுபடி சொல்லச் சொல்கிறேன், நீயும் என்னிடம் கேள்.

அன்புடன்,
அப்பா