லிவர்பட்லியன் அச்சுப்பிழை அல்ல

ஐயா,

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த 'லிவர்பட்லியன் ரசிகர்கள்' என்ற சொல்லை டீக்கடையில் நண்பர் ஒருவர் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, "லிவர்பூலியன்னு இருக்கணும் சார், புரூஃப் பாக்கறவர் தூங்கிட்டார்" என்றார். தங்கள் புரூஃப் ரீடர் பாவம், அவர் மீது தவறில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் ஊர்க்காரரை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

லிவர்பூலின் வாலில் இருக்கும் 'பூல்' என்றால் குளம். அதை யாரோ குறும்புக்காரர்கள் 'படில்' ஆக்கினார்கள், அதாவது மழைநீர் தேங்கும் குட்டை. 19ஆம் நூற்றாண்டுக் கேலி. ஊர்க்காரர்களே அதைப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள்.

மான்செஸ்டர்காரர் 'மான்கூனியன்' ஆனது ஏடெழுதியவர்களின் கைப்பிசகு. அங்கிருந்த ரோமானியக் கோட்டையின் பெயர் மாமுகியம். படியெடுத்தபோது அது 'மான்கூனியம்' என்று திரிந்து, அந்தத் திரிபே நிலைத்துவிட்டது. கிளாஸ்கோவின் 'கிளாஸ்வீஜியன்' நார்வேயின் 'நார்வீஜிய'னைப் பார்த்துப் போட்ட சூடு. பழைய வக்கீல்களின் பெயர்ப்பலகையில் பட்டத்தோடு ஒட்டியிருக்கும் 'ஆக்ஸன்', 'கேன்டாப்' இரண்டும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜின் லத்தீன் பெயர்களிலிருந்து வந்த சுருக்கங்கள்.

எனக்குப் பிடித்தது நியூகாசில். 1080இல் வில்லியம் மன்னரின் மகன் ராபர்ட் அங்கே எழுப்பிய புதிய கோட்டையால் வந்த பெயர். அவ்வூர்க்காரரை லத்தீனுக்குத் தாவி 'நோவோகாஸ்ட்ரியன்' என்கிறார்கள். அதே பொருளில் பெயர்கொண்ட எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்த மிடுக்கெல்லாம் இல்லை, புதுக்கோட்டைக்காரன், அவ்வளவுதான்.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், புதுக்கோட்டை