யாழினிக்கு, மைக் பிடிக்கும் முன்

அன்புள்ள யாழினி,

இந்த சீசனிலிருந்து நீ பாடம் நடத்தும் பள்ளியில் வெள்ளிக்கிழமை நடக்கும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களுக்கு உன்னை அறிவிப்பாளராக மைக் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்களாமே, அப்பா சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். நீ பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்த நாளில், மைதானத்துக்கு மேலே அறிவிப்பாளர் உட்காரும் பிரஸ் பாக்ஸ் அறைக்கு உதவிக்குப் போனவள் நான். நீ கல்லூரிக்குப் போன பிறகும் அந்த இடத்தை விட மனசு வரவில்லை. அறிவிப்பாளர் பக்கத்தில் ஸ்பாட்டராக உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

என் வேலை என்ன தெரியுமா? பந்தோடு ஓடினவன் யார், அவனை மடக்கி விழவைத்தவன் யார் என்று பைனாகுலரில் பார்த்து, எதிரே விரித்து வைத்த பட்டியலில் இரண்டு பெயரையும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, மைக்கில் விழுந்துவிடும். எங்கள் அறிவிப்பாளர் அந்த இரண்டு பெயரையும் சொல்வார், எத்தனை யார்டு கிடைத்தது, அடுத்து எத்தனையாவது டவுன், அதாவது எத்தனையாவது முயற்சி என்று சொல்வார், உடனே மைக்கை அணைத்துவிடுவார். வீரர்கள் திரும்பவும் வரிசையில் வந்து நிற்கும்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கத்திச் சொல்லும் சிக்னல் அவன் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமே.

இது வெறும் மரியாதை இல்லை, விதியே அப்படித்தான். பெரும்பாலான மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று தனி விதிப்புத்தகம் இருக்கிறது. நம் டெக்சாஸில் சில மாற்றங்களோடு கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் விதிகளைப் பின்பற்றுகிறார்கள். அதில் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. வீரர்கள், கோச்சுகள், சியர்லீடர்கள், பேண்ட் ஆட்கள், இவர்களோடு அறிவிப்பாளரையும் சேர்த்திருக்கிறார்கள். ஓர் அணி தன் சிக்னலைக் கேட்க முடியாதபடி இவர்களில் யார் சத்தம் போட்டாலும் தண்டனை உண்டு. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் நீயும் அந்த ஆட்டத்துக்குள்தான் இருக்கிறாய்.

சரி, அந்த மைக் யாருடையது? இதைத்தான் நீ முதலில் யோசிக்க வேண்டும். கால்வெஸ்டன் பக்கத்தில் சாண்டா ஃபே என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் மீது வந்த வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை சொல்வது சரியா என்பதுதான் கேள்வி. 2000 ஜூனில், 6 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம் என்று, கூடாது எனத் தீர்ப்பு வந்தது. பள்ளி இடத்தில், பள்ளி நிகழ்ச்சியில், பள்ளியின் ஒலிபெருக்கியில் வருவதைத் தனிப்பட்ட ஒருவரின் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி இங்கே இன்னமும் இரண்டு கருத்து உண்டு. நம்மைப் போல வேறு சாமி கும்பிடும் குடும்பமும் அந்த ஸ்டேண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. மைக்கை ஆன் செய்தால் பேசுவது யாழினி இல்லை, உன் பள்ளி. உன் கோபமும் உன் கிண்டலும் அதில் ஏறினால் பள்ளியே கோபப்பட்டதாகவும் கிண்டலடித்ததாகவும்தான் எதிர்ப் பக்கம் கேட்கும்.

ஒரு முறை வேறு ஊருக்கு ஆடப் போயிருந்தோம். நம் பையன் ஒருவன் ஃபீல்டு கோலுக்காக, இரண்டு கம்பத்துக்கு நடுவே போகும்படி பந்தை உதைத்தான், அது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. அந்த ஊர் அறிவிப்பாளர் அவன் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லி, போச்சு என்பதை இரண்டு தடவை சொன்னார். பின்னாலேயே யாரோ ஒரு சிரிப்புச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். பையனுக்குப் பதினாறு வயசு இருக்கும். தலையைக் குனிந்தபடி ஹெல்மெட் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வெளியே நடந்தான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவன் அம்மா. கையிலிருந்த பாப்கார்ன் பையைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். டிவியில் பார்க்கும் தொழில்முறை ஆட்டம் இல்லை இது. திங்கட்கிழமை அந்தப் பையன் வகுப்புக்குப் போயாக வேண்டும்.

அதனால் பந்தைத் தவறவிட்டவன் பெயரைச் சொல்லாதே. யார் மேல் பெனால்டி விழுந்தது என்று நம்பரைத் தேடிச் சொல்லாதே, என்ன தண்டனை, எத்தனை யார்டு என்பது போதும். நல்லது செய்தவன் பெயரைச் சொல், அவன் எந்தப் பக்கத்துப் பையனாக இருந்தாலும் சரி.

யாராவது அடிபட்டு விழுந்தால் ஒன்றுமே பேசாதே. பாட்டும் போட விடாதே. ஆள் யார் என்றோ, முழங்கால் போலிருக்கிறது என்றோ ஊகமாகச் சொல்லவே கூடாது. ஸ்டேண்டில் அவன் அம்மா இருப்பாள், வீட்டில் பாட்டி லைவில் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து நடந்தான் என்றால் ஜனங்கள் தாங்களாகவே கை தட்டுவார்கள், அதற்கு உன் குரல் வேண்டாம்.

ரெஃபரி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இரு. தீர்ப்பு தப்பு என்று உன் கண்ணுக்கே தெரிந்தாலும் குரலில் ஒரு சின்ன இழுப்புகூட வரக் கூடாது. நீ இழுத்தால் கீழே ஆயிரம் பேர் ஊளையிடுவார்கள். 2018க்குப் பிறகு சில வருஷங்களில் நாடு முழுக்கச் சுமார் 50,000 பள்ளி விளையாட்டு நடுவர்கள் விலகிப் போனார்கள் என்று பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பே சொல்கிறது. கொரோனாவும் ஒரு காரணம்தான், ஆனால் பெற்றோர் திட்டுவதும் மிரட்டுவதும் பெரிய காரணம். ஆள் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றும் பள்ளிகள் இருக்கின்றன.

அப்புறம் பெயர்கள். உன் பெயரில் இருக்கும் ழகரத்தை இந்த ஊரில் எத்தனை விதமாகச் சொன்னார்கள் என்று உனக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போ. வந்திருக்கும் அணியின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்கள் கோச்சிடமோ மேனேஜரிடமோ ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் காட்டு. வியட்நாம் பெயர் இருக்கும், சமோவா பெயர் இருக்கும், நைஜீரியப் பெயர் இருக்கும். காதில் விழுந்தபடி பென்சிலால் எழுதி வை, தமிழில் எழுதினாலும் யார் கேட்கப் போகிறார்கள். நியூயார்க்கின் பேஸ்பால் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில் 1951 முதல் 2007 வரை மைக் பிடித்த பாப் ஷெப்பர்ட், புது வீரர் யார் வந்தாலும் அவரிடமே போய்ப் பெயரைக் கேட்டுக்கொள்வாராம். அவரும் உன்னைப் போல ஆசிரியர்தான், பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர். தெளிவாக, சுருக்கமாக, பிழையில்லாமல் பேசினால் போதும், வேடிக்கை காட்டுவது அறிவிப்பாளர் வேலை இல்லை என்று சொன்னவர்.

பெயருக்கு என்ன பலம் என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 2008 நவம்பரில் நம் டாலஸ் பக்கத்துக் கிரேப்வைனில் நடந்தது அது. ஃபெய்த் கிறிஸ்டியன் பள்ளியோடு ஆட வந்தது கெய்ன்ஸ்வில் ஸ்டேட் ஸ்கூல் அணி. அது குற்றம் செய்து தண்டனை பெற்ற பையன்களை வைத்திருக்கும் இடம். அவர்களுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது, எல்லாமே வெளியூர், கூடவே காவலர்கள். கை தட்ட ஒரு மனிதர் வரமாட்டார். ஃபெய்த் கோச் கிரிஸ் ஹோகன் தன் பள்ளிப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதினார்: நம்மில் பாதிப் பேர் அன்றைக்கு அவர்கள் பக்கம் உட்கார்ந்து அவர்களுக்குக் கை தட்டுங்கள். அப்படியே செய்தார்கள். அந்தப் பையன்கள் ஓடி வர 40 யார்டு நீளத்துக்கு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். கிழித்துக்கொண்டு ஓட ஒரு பேனரும் பிடித்தார்கள். ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார்கள். கெய்ன்ஸ்வில் 33–14 என்று தோற்றது. தோற்ற பிறகு தங்கள் கோச் தலையில் தண்ணீரைக் கொட்டிக் கொண்டாடினார்கள் அந்தப் பிள்ளைகள். எப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

நம் ஊர் ஆட்டத்தில் நம் பிள்ளைகளைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னால் என்ன என்று உங்கள் பள்ளியில் கேட்பார்கள். நம் அணி மைதானத்துக்குள் ஓடி வரும்போது பெயரை உற்சாகமாகச் சொல், தப்பே இல்லை. ஆனால் பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கிய பிறகு நீ விருந்தாளிகளை வரவேற்கும் வீட்டுக்காரி. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவள் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று பார்த்தா தெளிக்கிறாள்? பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் டச்டவுன் எந்தப் பக்கத்துடையதாக இருந்தாலும் உன் குரலில் ஒரே அளவு உயிர் இருக்க வேண்டும். சத்தம் போடச் சொல்லி ஜனங்களைத் தூண்டுவதைச் சியர்லீடர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மின்னல் அறிவிப்பை மட்டும் முன்பே எழுதி மேஜையில் ஒட்டி வை. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி இடியிலிருந்து 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று இடித்தால் திரும்பவும் முதலிலிருந்து 30. உள்ளூர்க்காரர்களுக்கு எந்தக் கதவு எங்கே என்று தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எந்த வாசல் வழியாக எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்பதை முதலில் சொல், நிதானமாக இரண்டு தடவை சொல்.

முதல் ஆட்டம் எந்தத் தேதி என்று எழுது. நானும் அப்பாவும் காரில் வந்துவிடுகிறோம். வந்த அணியின் ஸ்டேண்டில்தான் உட்காரப் போகிறோம், அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் நீ பேசுவது புரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு வெந்நீர் எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா