இஸ்திரிக்கடை அண்ணாச்சிக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபை மக்களுக்கும், சபைக்கு வெளியே இருந்து ஓடி வந்து உதவிய ஊர் மக்களுக்கும் தோத்திரம்.

2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளத்தில் நம்ம ஏரல் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததாக வெளியூர்க்காரர்கள் டிவியில் பார்த்தார்கள். நாம் இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தோம். கிறிஸ்மஸுக்கு எட்டே நாள். என் கடையில் தைத்து மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டும் பிள்ளைகளின் கவுனும் என்ன கதி ஆயின என்பதும் உங்களுக்குத் தெரியும். பாதி உங்களுடைய துணிதானே.

அந்தத் துணிக்காக ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகைத் தூக்கிக்கொண்டு வந்த கடற்கரை ஊர்த் தம்பிமார், பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சோறு பொங்கிய அக்காமார், வீட்டுச் சேற்றை வழித்துப் போட்ட வாலிபர் சங்கப் பிள்ளைகள், மாற்றுச் சேலை அனுப்பியவர்கள், எல்லோருக்கும் சேர்த்துக் கைகூப்புகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி ஊரார் சோறு போட்ட செய்தியை அப்புறம் கேட்டேன். நம் ஆற்றங்கரை அப்படித்தான் என்று பெருமையாக இருந்தது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. என் கடைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிற அண்ணாச்சி. அவர் நம் சபைக்காரர் இல்லை. சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்.

தண்ணீர் வடிந்தபின் சேற்றுக்குள்ளிருந்து எங்கள் வீட்டு வேதாகமத்தை எடுத்தேன். தாத்தா காலத்துப் பெரிய எழுத்து வேதாகமம். முன்பக்க வெற்றுத் தாளில் குடும்பத்தில் பிறந்தவர்கள், ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் எழுதியிருக்கும். நனைந்த ரொட்டி மாதிரி ஊதிப் போயிருந்தது. அப்பா மைப்பேனாவில் எழுதிய என் பிறந்தநாள் நீலத் திட்டாகக் கரைந்துவிட்டது. தாத்தா பென்சிலில் எழுதியவை அப்படியே இருந்தன. 2021 மே மாதம் என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியும் அழியவில்லை. அதைப் பார்த்ததும் மூடிவிட்டேன். வெயிலில் போடக்கூடத் தோன்றாமல் கடைத் திண்ணையில் வைத்தேன். ஜெபம் செய்தே பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சேகரத்துப் போதகர் ஐயர் கேட்டபோது 'செய்கிறேன்' என்று பொய் சொன்னேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

அண்ணாச்சி அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுச் சுவரே ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. "ஏம்மா, இது வேதப்புத்தகம்லா? இப்படியே விட்டா ஒட்டிக்கிடும்" என்றார். பழைய வேட்டியைக் கிழித்துத் தாளுக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று விரித்தார். பெட்டியைத் தன் புறங்கைக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு பார்த்தார். அப்புறம் குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி ஒரு இழுப்பு. துணியை எடுத்தால் தாள் லேசாக அலை அலையாக, ஆனால் காய்ந்து, கையில் நிற்கும்.

ஒவ்வொரு தாளுக்கும் "எழுத்து கலையலையே? வாசிச்சுச் சொல்லு" என்பார். அவருக்குக் கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது. அதனால் நான் வாசித்தேன். விசுவாசத்தில் வாசிக்கவில்லை, அவர் கேட்டாரே என்றுதான். எண்ணாகமத்தில் ஒரு தாள் கொஞ்சம் கருகியதற்கு அவர் பட்ட வருத்தம் இருக்கிறதே! இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள், வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதம் வந்தது. 13ஆம் சங்கீதத்தின் முதல் வரியை, என்ன என்று யோசிக்காமலே வாசித்தேன்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. அண்ணாச்சி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இதையுமா எழுதி வச்சிருக்காங்க?" என்றார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நீயும் கேக்கலாம்லா" என்றார்.

அன்று ராத்திரி கேட்டேன். சண்டை போட்டேன் என்றே சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரைப் பற்றி, கடையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று ரோமர் 5ஆம் அதிகாரத்தை எனக்கு எடுத்துச் சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் பொறுமை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது ராஜா வாயை மூடவில்லை. "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். யாரிடம் கேட்கிறாரோ அந்த ஆளை மட்டும் அவர் மாற்றவில்லை. அந்தச் சங்கீதம் ஆறே வசனம், கடைசியில் பாட்டில் முடிகிறது. நான் இன்னும் பாட்டுக்கு வரவில்லை. வருவேன் என்று இப்போது நம்புகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நான் அழுததைப் பார்த்துப் பயந்தவர்கள் பயப்பட வேண்டாம், அது நல்ல அழுகை.

அண்ணாச்சி காசு வாங்கவில்லை. கரிக்காவது வாங்குங்கள் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. அவர் வீட்டுச் சுவர் எழும்புகிற வரைக்கும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் என் பையனும் கல் சுமக்கப் போகிறோம். வர நினைக்கிற வாலிபர்கள் வரலாம்.

என் பிறந்தநாளையும் ஞானஸ்நான நாளையும் அந்த நீலத் திட்டுக்குப் பக்கத்தில் மறுபடி எழுதிவிட்டேன், பென்சிலில்.

தையல் மிஷினைக் கழற்றிச் சேறு எடுத்து எண்ணெய் போட்டாயிற்று, ஓடுகிறது. வெள்ளத்தில் யூனிபார்ம் போன பிள்ளைகள் எந்தத் தெருவாக இருந்தாலும், எந்தக் கோயிலுக்குப் போகிற வீடாக இருந்தாலும் அனுப்புங்கள். துணி மட்டும் கொடுத்துவிட்டால் போதும், கூலி வேண்டாம்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
தையல்கடை அக்கா