அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "அம்மா, குட்டியை அடிச்சுட்டேன். அடிக்கும்போது என் வாயிலேர்ந்து வந்தது உன் குரல்" என்றாய். நான் உடனே, "எல்லா அம்மாவும் ஒருநாள் அடிக்கத்தான் செய்வாங்க, விடு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். உன்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். படுத்த பிறகுதான் புரிந்தது, என்னையே தேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று. இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது. நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

"இது நம்ம ரத்தத்திலேயே இருக்கா?" என்று கேட்டாய். இல்லை, கண்ணு. அதைச் சொல்வதற்கு முன்னால் உன் ஒன்பதாவது வயதில் நடந்ததைப் பற்றி நான் பேச வேண்டும். உனக்கு அது ஞாபகம் இருக்கும். ஒருநாள்கூட நாம் அதைப் பேசியதில்லை.

அன்று காலையில் உன் பள்ளியில் கூப்பிட்டு, "வீட்டில் கொஞ்சம் கண்டிப்பு போதாதுபோல இருக்கே" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் நீ கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டியபோது கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். உன் அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அம்மா, அப்புறம் உன் அப்பா. மதிப்பெண்ணைப் பார்த்த யாரோ, "செல்லம் கொடுத்தா இப்படித்தான்" என்றார்கள். யார் என்று இப்போது வேண்டாம். மேஜையிலிருந்து மரஸ்கேலை எடுத்து உன் உள்ளங்கையில் இரண்டு அடி அடித்தேன். நீ அழவில்லை. பாவாடையின் இடது பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டாய். என்னைப் பார்க்காமல், அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்தாய். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று தேடிய பார்வை அது. யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் அப்பாகூடச் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அதற்கு முந்தின மாதமும் நீ அதே கணக்கில் அதே அளவு குறைவாகத்தான் வாங்கியிருந்தாய். அன்று வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும். தரையில் உட்கார்ந்து தப்பான கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு கணக்கில் நானே தப்புப் பண்ணினேன், நீ கைகொட்டிச் சிரித்தாய். அம்மா மாறவில்லை, பிள்ளை மாறவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை. கூடத்தில் ஆள் இருந்தது ஒன்றுதான் மாறியது. ரத்தத்தில் இருக்கிற குணமென்றால் முந்தின மாதம் அது எங்கே போயிருந்தது?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆனதுதான் மனதை அறுக்கிறது. அந்த வருடம் நான் கல்லூரியில் நடத்திக்கொண்டிருந்த பாடமே இதுதான். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட சோதனையைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோட்டை மூன்றில் ஒன்றாகக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டால் தப்பு நூற்றுக்கு ஒன்றுகூட வராது. ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லாரும் சோதனையாளரின் ஆட்கள். அவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். அப்புறம் நிஜமாகவே பதில் சொல்ல வந்தவரின் முறை வரும். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பதில் அப்படித்தான் வந்தது. யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், அவ்வளவுதான்.

கூடத்தில் இருந்த நான்கு பேரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பொறுப்பான அம்மாதானா என்று அவர்கள் கண்ணுக்கு நிரூபிக்க உன் கையை எடுத்துக்கொண்டேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, கண்ணம்மா. லாட்டனே, டார்லி என்று இரண்டு பேர் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒருவரை ஓர் அறையில் உட்காரவைத்துச் சுவர்த் துளை வழியே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாததுபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைக் கூடவே வைத்தபோது 10 பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நம் வீட்டுக் கூடமும் அன்று அப்படித்தான் இருந்தது. உன் அத்தை பெரியம்மாவைப் பார்த்திருப்பாள், பெரியம்மா உன் அப்பாவைப் பார்த்திருப்பார். யாரும் அசையாததால், இது சாதாரணம்தான் போல என்று ஆகிவிட்டது.

அந்தக் கூடத்துக்கு வெளியே இன்னொரு கூடம் இருந்தது. உன் பாட்டி என்னைக் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறாள். அடிக்காத அம்மாவை அவள் காலத்தில் அக்கறை இல்லாதவள் என்றார்கள். அவளுக்கு அடி என்பது அன்பின் கணக்கில் வருகிற வேலை. நம் மொழியே அதற்குக் கைகொடுக்கிறது பார்: 'அடியாத மாடு படியாது', 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவான்'. பேசக் கற்றுக்கொள்ளும்போதே இதெல்லாம் காதில் விழுந்துவிடுகிறது. நாம் யோசித்து எடுத்த முடிவு என்று நினைப்பதில் பாதி, எப்போதோ யாரோ நம் வாயில் வைத்துவிட்டுப் போன சொல். பிள்ளையைச் சுற்றிக் குடும்பம், அதைச் சுற்றிப் பள்ளியும் அக்கம்பக்கமும் பெற்றோர் பார்க்கும் வேலையும், அவற்றையும் சுற்றிச் சட்டமும் பண்பாடும் என்று ரஷ்யப் பொம்மைகளைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது என்றார் பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர். வகுப்பில் அந்த வட்டங்களை வரையும்போது நடுவில் 'பிள்ளை' என்று எழுதுவேன். உன் முகம் ஒருநாளும் எனக்கு அங்கே தெரியவில்லை.

அப்படியென்றால் மாறவே முடியாதா என்று கேட்பாய். எனக்குப் பிடித்த பதில் ஸ்வீடனில் இருக்கிறது. "அந்த ஊர்க்காரர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. 1960-களில் அங்கேயும் பாதிப்பேர் அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியாது என்றுதான் நம்பினார்கள். 1979-இல் பெற்றோர் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. உலகத்திலேயே முதன்முதலாக அங்கேதான். அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. அதைப் பற்றிய செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்தார்கள். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். பால் பெட்டி காலையில் மேஜையில்தானே இருக்கும்? அப்பா படிப்பார், அம்மா படிப்பாள், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும். தன்னை அடிக்கக் கூடாது என்று பிள்ளைக்குத் தெரியும். அது பிள்ளைக்குத் தெரியும் என்பது பெற்றோருக்கும் தெரியும். ஒரு தலைமுறைக்குள் அடி தேவை என்று சொல்கிறவர்கள் சிறு கூட்டமாகிவிட்டார்கள். இன்றைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஜனங்கள் அதே ஜனங்கள்தான், அவர்களைச் சுற்றியிருந்த கூடத்தை மாற்றினார்கள்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆஷின் அறையில் நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவில்லை. நான் அந்த ஒருத்தியாக இருந்திருக்கலாம். ஸ்கேலை எடுத்தது கூட்டத்தின் கை இல்லை, என் கை. இருபத்தெட்டு வருடம் கழித்துக் கேட்கிறேன், அன்றைக்கு அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு. 'உன் நல்லதுக்குத்தான்' என்று அப்புறம் சொன்னேனே, அதற்கும் சேர்த்து.

நேற்று நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் குட்டி அடம்பிடித்துக் கத்தினாள் என்று. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சு அடைத்தது. அவர்கள் போன பிறகு அவள் கத்தியிருந்தால் கை ஓங்கியிருப்பாயா? யோசித்துப் பார்.

ஆஷ் பிறகு ஒன்று செய்து பார்த்தார். அறையில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார். கூட்டத்தோடு சாய்வது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. எதிரே எத்தனை பேர் இருந்தாலும் பக்கத்தில் ஒரு குரல் போதுமாக இருந்திருக்கிறது. அதனால் மாப்பிள்ளையிடம் உட்கார்ந்து பேசிவை. யார் இருந்தாலும் சரி, உன் குரல் ஏறுகிறபோது அவர் "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து வர வேண்டும். அவர் குரல் ஏறினால் நீ போக வேண்டும். விருந்தாளி என்ன நினைப்பார்கள் என்று பார்க்க வேண்டாம். அவர்கள் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

குட்டியிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேள். விளக்கமெல்லாம் வேண்டாம், அவளுக்கு ஆறு வயதுதான். "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல், போதும். அவள் சட்டென்று வேறு ஏதாவது பேசிக்கொண்டு ஓடிவிடலாம். அது அவள் காதில் விழுந்திருக்கும்.

அடுத்த மாதம் நான் அங்கே வரும்போது குட்டி அடம்பிடித்தால், "இப்பவே கண்டிச்சு வை" என்று பழைய பழக்கத்தில் என் வாயில் வந்துவிடக் கூடும். வந்தால் அவள் எதிரிலேயே என்னை நிறுத்து, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உன் கை ஓங்கினால் நான் எழுந்து வந்து நடுவில் நிற்கிறேன். அன்றைக்குக் கூடத்தில் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று தேடினாயே, அந்த இடத்தில் வந்து நிற்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ண வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பேசு.

அன்புடன்,
அம்மா