விசா வேண்டாம் என்றால் பாஸ்போர்ட் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வெளிநாட்டுப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னவர், ‘விசா தேவையில்லாத நாட்டுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நம்பி யாரும் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

விசா கேட்காத பல நாடுகள் இப்போது, கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டிய மின்னணுப் பயண அனுமதி கேட்கின்றன. ஆஸ்திரேலியா 1996லேயே இதைத் தொடங்கிவிட்டது. விசா விலக்கு பெற்ற நாட்டினருக்கு அமெரிக்கா 2009 ஜனவரியில் ‘எஸ்டா’ என்ற இத்தகைய அனுமதியைக் கட்டாயமாக்கியது. பிறகு கனடா, நியூசிலாந்து, தென்கொரியா. பிரிட்டனுக்குப் போகும் ஐரோப்பியர்களில் பெரும்பாலோரும் 2025 ஏப்ரல் முதல் இந்த அனுமதியை வாங்க வேண்டும்.

இந்த அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு நான்தான் விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட் எண்ணின் நடுவில் இருந்த பூஜ்யத்தை ‘ஓ’ என்ற எழுத்தாகத் தட்டிவிட்டேன். பணம் கட்டியாயிற்று, அனுமதியும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. விமான நிலைய கவுன்டரில், “இவங்க பேர்ல அனுமதி எதுவும் காட்டலையே” என்றார்கள். அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்தினார். அங்கேயே நின்று கைப்பேசியில் மறுபடி விண்ணப்பித்தோம். அனுமதி வருவதற்குள் கவுன்டரை மூடிவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் இதே கதைதான். பழைய எண்ணில் வாங்கிய அனுமதிக்கு இரண்டு வருடம் மிச்சமிருந்தாலும் அது செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது என்பதற்காகக் கடைசி நாள்வரை தள்ளிப்போடவும் கூடாது. சில விண்ணப்பங்கள் கூடுதல் பரிசீலனைக்குப் போய்ப் பல நாள் எடுக்கும். அனுமதி கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த நாட்டின் குடிவரவு அதிகாரிதான்.

இன்னொன்று, இடைத்தரகர் தளங்கள். இணையத்தில் தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்பவை பல நேரம் அவைதான். இந்த அனுமதிக்குக் கனடா அரசு வாங்குவது 7 கனடா டாலர். அதே படிவத்துக்கு இவர்கள் பல மடங்கு கறப்பதோடு, பாஸ்போர்ட் விவரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அமெரிக்க அரசுத் தளத்தின் முகவரி ‘டாட் கவ்’ (.gov) என்றும், பிரிட்டனுடையது ‘டாட் கவ் டாட் யூகே’ (.gov.uk) என்றும் முடியும். பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பயணக் கட்டுரை வெளியிடும்போது, அந்த நாட்டுக்கு இந்த அனுமதி தேவையா, அதற்கான அரசுத் தளம் எது என்ற இரண்டு விவரங்களையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிடுங்கள். டிக்கெட் விற்கும் நிறுவனங்களும் பயணச் சீட்டு மின்னஞ்சலிலேயே இவற்றைக் குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி