ஜெனரேட்டர் அமர்ந்த நேரம்

யாங்கூன்,
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் அன்பான மொட்டைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. போட்டோவையும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அறுபது வருஷம் கழித்துப் பலித்திருக்கிறது!

வீட்டில் பேரப்பிள்ளைகளின் டிவி, பக்கத்து மனையில் கட்டட வேலை, ஜெபம் பண்ண பாத்ரூம்தான் மிச்சம் என்று எழுதியிருந்தாய். கூடவே, "நீ கொடுத்துவைத்தவன், பிக்குகள் ஊரில் இருக்கிறாய், அமைதிக்கு என்ன குறை" என்றும் ஒரு வரி. அதைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மகன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நீ 1965-ல் கப்பலேறியபோது இருந்த ரங்கூன் இல்லையப்பா இது. கரண்ட் சில மணி நேரம் இருக்கும், அப்புறம் போய்விடும். போனதும் கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். அதற்கு மேலே பாங்கு, கோயில் மணி, தெருமுனைப் பந்தலில் இராப்பகலாக ஒலிபெருக்கி வைத்துப் பாராயணம். திரும்பக் கரண்ட் வந்தால் எல்லா மாடியிலிருந்தும் பிள்ளைகள் "மீ லாபீ!", கரண்ட் வந்தாச்சு என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் மட்டும் எனக்குப் பிடிக்கும். ஜெபத்தின் நடுவில் வந்தால்கூட ஆமென் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

அமைதியைத் தேடி நான் பண்ணாத கூத்து இல்லை. நாம் சின்ன வயதில் திருட்டுத்தனமாக ஏறிச் சுற்றினோமே, அந்த வட்ட ரயில், ஞாபகம் இருக்கிறதா? 39 ஸ்டேஷன், ஒரு சுற்று வர மூன்று மணி நேரம். யாருக்கும் என்னைத் தெரியாது, போனையும் வீட்டில் வைத்துவிடலாம், கண்ணை மூடி உட்கார்ந்துவிடலாம் என்று ஒருநாள் போனேன். இரண்டாவது ஸ்டேஷனில் காடை முட்டைக்காரி ஏறினாள். அப்புறம் வெற்றிலைக்காரர். எதிர் சீட்டுப் பையன் போனில் சண்டைப்படம் பார்த்தான். திரும்பி வந்தபோது என் மடியில் எட்டுக் காடை முட்டை இருந்தது, ஜெபம் ஒன்றுகூட இல்லை.

2025 மார்ச் 28-ல் பூமி அதிர்ந்தது உனக்குத் தெரியும். எங்களுக்குக் கனமான லாரி போன மாதிரி ஓர் ஆட்டம், அவ்வளவுதான். மாண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடந்தன. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு போதகர், வேதாகமத்துத் தீர்க்கதரிசி எலியாவைப் பற்றிப் பேசினார். பெருங்காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி, எதிலும் கர்த்தர் இருக்கவில்லை, கடைசியில் "அமர்ந்த மெல்லிய சத்தம்" வந்தது என்கிற இடம். எத்தனை தடவை கேட்ட வசனம்! அன்றைக்குத்தான் அந்த "அமர்ந்த" என்ற சொல் காதில் விழுந்தது. சங்கீதம் 46-லும் அதே சொல்தான்: "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." என் அப்பாயி ராத்திரி படுக்கும்போது "விளக்கை அமத்துடா" என்பார். அமர்வது என்றால் உட்காருவது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அணைவதும் அமர்வதுதானே? அந்தச் சங்கீதத்தைத் திருப்பிப் படித்துப் பார். மலைகள் அதிர்கின்றன, வில் ஒடிகிறது, இரதங்கள் எரிகின்றன. இத்தனை ரகளைக்கு நடுவில்தான் அமரச் சொல்கிறது.

இன்னொன்று. எலியாவுக்கு மலையில் மெல்லிய சத்தம் கேட்பதற்கு முன்னால் நடந்ததை யாரும் பிரசங்கிப்பதில்லை. மனுஷன் செத்துப்போகிறேன் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டான். தூதன் வந்து உபதேசமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் அடை. நம் வயசுக்கு இது பெரிய ஆறுதல். அசதியில் ஜெபத்தில் தூங்கிவிட்டேன் என்று நீ வருத்தப்பட்டிருந்தாயே, அதை விட்டுவிடு.

தினமும் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்தால் தேவன் பேசுவார் என்று சில பேர் டீக்கு சர்க்கரை அளவு சொல்கிற மாதிரிச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சனை நினைத்துப் பார். ராஜாவின் தலைநகரான ஆவாவில் சிறையில் கிடந்தவர். பர்மிய வேதாகமக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் தைத்துக் காப்பாற்றிய குடும்பம். 1826-ல் மனைவி போனார், ஆறு மாதத்தில் குழந்தையும். மோல்மேனில் காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியே போய் இருந்தார். புதைகுழி ஒன்று தோண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அவ்வளவு அமைதியில் 1829-ல் அவர் எழுதியது என்ன தெரியுமா? தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று. அப்புறம் காட்டைவிட்டு வந்தார், ஊர் ஊராக நடந்தார், 1834-ல் மொழிபெயர்ப்பை முடித்தார். காடு அவருக்கு என்ன செய்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் டீசல் கிடைக்கவில்லை. கரண்டும் இல்லை. என் ஜெனரேட்டர் அமர்ந்தது. கடையைப் பாதி சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். முதலில் மனசுக்குள் ஓடியது எல்லாம் ஐஸ்பெட்டியில் உருகுகிற சரக்கின் விலைதான். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மணி உருளும் சத்தம். கூடவே ஒரு முணுமுணுப்பு: "அனைச்சா, தௌக்கா, அனத்தா." நிலையாமை, துக்கம், நான் என்று ஒன்றில்லை என்கிற புத்த ஜெபம். பக்கத்து வீட்டு அப்வா, பர்மியப் பாட்டி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் இதே நேரத்தில் ஜெபமாலை உருட்டுவாராம். பதினோரு வருஷமாக ஒரே சுவர். நான் ஒருநாளும் கேட்டதில்லை, என் மெஷின் கேட்கவிட்டால்தானே!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர் வாங்கிய அன்று புகைக்குழாய் நம் கடைப்பக்கம் வரவேண்டாம் என்று அவர் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னவன் நான்தான்.

இதைக் கர்த்தர்தான் ஞாபகப்படுத்தினார் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நீயே யோசித்து எழுது. மறுநாள் மகனை விட்டுக் குழாயைக் கூரைக்கு மேலே திருப்பினேன். ஆறு மணியிலிருந்து ஏழு வரை இப்போது ஜெனரேட்டர் ஓடுவதில்லை. கூல்டிரிங்ஸ் வியாபாரம் போகிறது என்று மகனுக்குக் கோபம். மூன்றாம் நாள் அப்வா வாசலில் என்னை நிறுத்தி, "மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். குரலில் இருந்தது கவலையா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்னைக்கு வருகிற ஆள் கிடைத்தால் லப்பே, அதான் அந்தத் தேயிலை ஊறுகாய், கொடுத்துவிடுகிறேன். நீ பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கி அதே ஆளிடம் கொடு, என் கண்ணும் உன் கண் போன வழியில்தான் போகிறது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்.

மணி ஆறு. மகன் சலித்துக்கொண்டே மெஷினை அமர்த்தப் போகிறான். மெழுகுவத்தியில் எழுத வராது, நிறுத்துகிறேன்.

உன் பக்கத்து பெஞ்சுக்காரன்